மில்லு கைமாறினா உங்க கிராஜுவிட்டி யார் தலையில? பேஸ்பால் டீம்கள் சொல்லித்தரும் கணக்கு



கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல ஃபிட்டரா வேலை பார்க்குற அண்ணன் ஒருத்தர் நம்ம ஆபீஸுக்கு வந்தார். கையில ரெண்டு பேப்பர். ஒண்ணு ராஜினாமா கடிதம். டைப் அடிச்சு ரெடியா இருக்கு, கையெழுத்து மட்டும் தான் பாக்கி. இன்னொண்ணு புது கம்பெனி பேர்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

"மில்லை வித்துட்டாங்க தம்பி. புது ஓனர் எங்க எல்லாரையும் எடுத்துக்கிறாராம். இதுல ஒரு கையெழுத்து, அதுல ஒரு கையெழுத்து போடச் சொல்றாங்க. சம்பளம் அதே தான். போட்டுடலாமா?"

"எத்தனை வருஷ சர்வீஸ்ண்ணே?"

"பதினாலு முடிஞ்சிருச்சு."

"கிராஜுவிட்டி பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"கேட்டேன். பழைய ஓனர் ஆபீஸ்ல 'புதுசா வர்றவங்க பார்த்துப்பாங்க'ங்கிறாங்க. புதுசா வந்தவங்க கிட்ட கேட்டா 'அது பழைய கணக்கு, எங்களுக்குத் தெரியாது'ங்கிறாங்க."

14 வருஷம் உழைச்சு சேர்ந்த பணம், ரெண்டு ஓனருக்கு நடுவுல அநாதையா நிக்குது. திண்டுக்கல் சுத்து வட்டாரத்துல நூல் மில், தோல் ஷாப், தனியார் ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு எத்தனையோ இடம் கைமாறுது. அதனால இந்தக் கேள்வி அந்த அண்ணனுக்கு மட்டும் உள்ள கேள்வி இல்ல.

இதே கேள்வியை ரொம்பத் தெளிவா எழுதி வச்சுத் தீர்க்குற ஒரு இடம் இருக்கு. அது அமெரிக்காவோட பேஸ்பால் லீக். அங்க ஆட்டக்காரரோட சம்பளத்தை பத்து, இருபது வருஷம் தள்ளிப் போடுறாங்க. நடுவுல ஆட்டக்காரர் டீம் மாறுறார், டீமோட ஓனரும் மாறுறார். அப்போ தள்ளிப் போட்ட பணத்தை யார் கொடுப்பா? அவங்க எப்படிப் பார்க்குறாங்கன்னு முதல்ல பார்ப்போம், அப்புறம் நம்ம மில்லுக்கு வருவோம்.

சம்பளத்தைத் தள்ளிப் போடுறதுன்னா என்ன?

இன்னைக்கு வேலை செஞ்சாச்சு, ஆனா அதுக்கான காசு பல வருஷம் கழிச்சு வரும். இதுக்குப் பேர் தான் டெஃபர்டு சேலரி.

பெரிய உதாரணம் ஷோஹேய் ஓதானி. ஜப்பான்காரர். 2023 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஆனா வருஷா வருஷம் அவர் கைக்கு வர்றது வெறும் 20 லட்சம் டாலர். மீதி 68 கோடி டாலர் 2034-ல இருந்து 2043 வரைக்கும் பத்து தவணையா வரும். வட்டி கிடையாது.

அப்போ இந்த ஒப்பந்தத்தோட மதிப்பு உண்மையிலேயே 70 கோடியா? இல்ல. பத்து வருஷம் கழிச்சு வர்ற ரூபாயும் இன்னைக்கு கையில இருக்குற ரூபாயும் ஒண்ணு இல்லைன்னு ஏலச்சீட்டு எடுத்த எல்லாருக்கும் தெரியும். தள்ளிச் சீட்டு எடுக்குறவர் எதுக்காக அவ்வளவு தள்ளுறார்? இன்னைக்குப் பணம் வேணும்னு தானே! அதே கணக்குல பார்த்து, லீக் இந்த ஒப்பந்தத்தோட இன்றைய மதிப்பை சுமார் 46 கோடி டாலர்னு தான் எடுத்துக்கிட்டுச்சு.

நம்ம வாழ்க்கையில இதுக்குச் சமமா இருக்குறது கிராஜுவிட்டி. நீங்க ஒரு வருஷம் வேலை செஞ்சு முடிச்சா, 15 நாள் சம்பளம் உங்க பேர்ல சேருது. ஆனா அது கைக்கு வர்றது வேலையை விட்டுப் போகும்போது தான். அதுவரைக்கும் அந்தப் பணம் முதலாளிக்கு நீங்க கொடுத்து வச்ச வட்டியில்லாக் கடன் மாதிரி. முதலாளி பெரிய மனசு பண்ணிக் கொடுக்குற அன்பளிப்புன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. தப்பு. அது உங்க சம்பளத்தோட ஒரு பகுதி, லேட்டா வருது, அவ்வளவு தான்.

ஆட்டக்காரர் டீம் மாறினா?

டிரேடுன்னா என்னன்னு ஐபிஎல் பார்க்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் கேப்டனா 2024-ல டிஎன்பிஎல் கோப்பையை வாங்கித் தந்த அஸ்வினை எடுத்துக்குங்க. 2018 ஏலத்துல பஞ்சாப் அவரை 7.6 கோடிக்கு எடுத்துச்சு. 2019 நவம்பர்ல டெல்லிக்கு டிரேடு பண்ணாங்க. அடுத்த சீசன்ல இருந்து சம்பளம் டெல்லி பொறுப்பு. சம்பளம் சீசன் கணக்குல ஓடுறதால குழப்பமே இல்ல.

பேஸ்பால்ல அப்படி இல்ல. மேக்ஸ் ஷெர்சர்னு ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுறவர். 2015 ஜனவரில வாஷிங்டன் நேஷனல்ஸ் டீமோட 7 வருஷத்துக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதுல கடைசி மூணு வருஷச் சம்பளம், வருஷத்துக்கு 3.5 கோடி வீதம் 10.5 கோடி டாலர், அப்படியே தள்ளி வைக்கப்பட்டுச்சு. அதை 2022-ல இருந்து 2028 வரைக்கும் வருஷத்துக்கு 1.5 கோடி டாலரா ஏழு தவணையில கொடுக்கணும்.

2021 ஜூலை கடைசியில நேஷனல்ஸ் அவரை டாட்ஜர்ஸுக்கு டிரேடு பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் அவர் நியூயார்க் மெட்ஸ் டீமுக்குப் போயிட்டார். மெட்ஸும் நேஷனல்ஸும் ஒரே பிரிவுல மோதுற டீம்கள். ஆனாலும் தனக்கு எதிரா பந்து வீசுற ஆளுக்கு நேஷனல்ஸ் வருஷத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. 2028 வரைக்கும் கொடுத்தாகணும்.

ஏன்? பேஸ்பால் லீக்ல எல்லா ஆட்டக்காரருக்கும் பொதுவான ஒப்பந்தப் படிவம் ஒண்ணு இருக்கு. டிரேடு ஆகுற நாள் வரைக்கும் சேர்ந்த சம்பளம் பழைய டீம் பொறுப்பு, அதுக்கு அப்புறம் சேர்றது புது டீம் பொறுப்புன்னு அதுல எழுதியிருக்கு. இதை மாத்தணும்னா டிரேடு பேசும்போதே ரெண்டு டீமும் பேசி எழுதிக்கணும். 2023-ல மெட்ஸ் இதே ஷெர்சரை டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பினப்போ, மீதிச் சம்பளத்துல சுமார் 3.5 கோடி டாலரை மெட்ஸே கட்டுறதா ஒத்துக்கிட்டாங்க. கடனோட ஆளை அனுப்பினா, கடனுக்கான காசையும் சேர்த்து அனுப்பு. கணக்கு சுத்தம்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. யார் கொடுக்கணும்னு டீம்கள் சண்டை போடலாம், பேரம் பேசலாம். ஆனா ஆட்டக்காரருக்கு வர வேண்டிய தொகை ஒரு டாலர் கூடக் குறையாது.

டீமோட ஓனரே மாறினா?

மில் கதைக்கு இது தான் ரொம்பப் பக்கம். பாபி பொனியான்னு ஒரு ஆட்டக்காரர். 2000-ல மெட்ஸ் டீமுக்கு அவர் வேண்டாம்னு ஆகிப்போச்சு. ஆனா ஒப்பந்தப்படி அவருக்கு 59 லட்சம் டாலர் பாக்கி. மெட்ஸ் அதை உடனே கொடுக்காம 8 சதவீத வட்டியில தள்ளி வச்சாங்க. 2011 ஜூலை 1-ல ஆரம்பிச்சு 2035 வரைக்கும், 25 வருஷம், வருஷத்துக்கு சுமார் 11.93 லட்சம் டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 3 கோடி டாலர். அமெரிக்காவுல ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியையும் 'பாபி பொனியா டே'ன்னு கிண்டலாக் கொண்டாடுறாங்க.

2020 நவம்பர்ல மெட்ஸ் டீமோட ஓனர் மாறிட்டார். வில்பான் குடும்பத்துக்கிட்ட இருந்து ஸ்டீவ் கோஹன் வாங்கினார். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது பழைய ஓனர் காலத்துல. அந்த ஆளு விளையாடி முடிச்சே இருபது வருஷம் ஆச்சு. ஆனா கோஹன் "அது பழைய கணக்கு"ன்னு சொல்லல, சொல்லவும் முடியாது. கடன் டீமோட கடன். டீமை வாங்கினவர் கடனையும் சேர்த்துத் தான் வாங்குறார். அடுத்த ஜூலை 1-ம் தேதி பணம் போயிருச்சு.

சரி, நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மில்லு கைமாறுறது ரெண்டு விதமா நடக்கும்.

முதல் விதம்: கம்பெனியோட ஷேரை மட்டும் விக்கிறது. முதலாளி மாறுவார், ஆனா கம்பெனி அதே கம்பெனி. உங்க வேலை, சர்வீஸ், கிராஜுவிட்டி எதுலயும் மாற்றம் இல்ல. புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்கே அவசியம் கிடையாது.

ரெண்டாவது விதம்: மில்லை, அதாவது கட்டடம், மெஷின், ஆர்டர், ஆட்கள் எல்லாத்தையும் வேற ஒரு கம்பெனி பேருக்கு மாத்துறது. இதுக்குத் தான் 1947-ம் வருஷத் தொழிற்தகராறு சட்டத்துல 25எஃப்எஃப்னு ஒரு பிரிவு இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல இருந்து அமலுக்கு வந்திருக்குற புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இதே ஏற்பாடு தொடருது. அதோட சாரம் இது தான்:

தொழிலாளியோட சர்வீஸ் முறியக் கூடாது. புது இடத்துல சம்பளமும் மத்த நிபந்தனைகளும் பழசை விடக் குறையக் கூடாது. நாளைக்கு ஆட்குறைப்பு வந்தா, பழைய வருஷங்களையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி இழப்பீடு கொடுக்குற சட்டப் பொறுப்பு புது ஓனருக்கு இருக்கணும்.

இந்த மூணும் இருந்தா மாற்றம் சுமுகமா முடியும். பழைய 14 வருஷமும் புது ஓனர் கணக்குல தொடரும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும், தொழிலாளியை ஆட்குறைப்பு செஞ்ச மாதிரி நினைச்சு நோட்டீஸும் இழப்பீடும் கொடுக்கணும். இழப்பீடு, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 14 வருஷத்துக்கு 210 நாள் சம்பளம். இது கிராஜுவிட்டிக்கு மேல தனியா.

இப்போ அந்த ராஜினாமா கடிதத்துக்கு வருவோம். நீங்களா ராஜினாமா பண்ணதா கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? "யாரும் இவரை அனுப்பல, அவரே போயிட்டார்"னு ஆயிரும். 210 நாள் இழப்பீடு கேட்க முடியாத மாதிரி நீங்களே எழுதிக் கொடுத்தாச்சு. சர்வீஸும் முறிஞ்சாச்சு. 14 வருஷக் கிராஜுவிட்டி மட்டும் பழைய கம்பெனி கிட்ட கேட்கலாம். ஆனா எல்லாத்தையும் வித்துட்டுப் போன கம்பெனியைத் தேடிப் பிடிக்குறது உங்க பாடு.

இன்னொரு விஷயம். பெரும்பாலும் ஒரு தொழிலை வாங்கும்போது, வாங்குறவரோட ஆடிட்டர் தொழிலாளர் பாக்கி எவ்வளவுன்னு பார்த்து, அதை விலையில கழிச்சுத் தான் பேசுவார். நானே அப்படிப்பட்ட கணக்கு போட்டுக் கொடுத்திருக்கேன். அப்படிக் கழிச்சு வாங்கினவர், அப்புறம் உங்க கிட்ட ராஜினாமாவும் எழுதி வாங்கினா, உங்க பணம் ஏற்கெனவே அவர் பாக்கெட்டுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம்.

கால்குலேட்டரை எடுங்க

அந்த அண்ணனோட கணக்கைப் புரியுற மாதிரி முழு எண்ணா மாத்திச் சொல்றேன். பேசிக்கும் டிஏவும் சேர்ந்து மாசம் 18,200 ரூபாய். 26-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 700. 15 நாளைக்கு 10,500. 14 வருஷத்துக்கு 1,47,000 ரூபாய்.

இன்னும் 10 வருஷம் வேலை பார்க்குறார்னு வச்சுக்குவோம். அப்போ அவர் சம்பளம் 31,200, அதாவது நாளைக்கு 1,200. 15 நாளைக்கு 18,000.

வழி 1: சர்வீஸ் தொடருது. 24 வருஷம் x 18,000 = 4,32,000 ரூபாய்.

வழி 2: இன்னைக்கே 1,47,000 வாங்கிட்டுப் புதுசாச் சேர்றார். கடைசியில 10 வருஷம் x 18,000 = 1,80,000. மொத்தம் 3,27,000.

வழி 3: இன்னைக்கு ஒண்ணும் வாங்கல, சர்வீஸும் தொடரல. கடைசியில 1,80,000 மட்டும்.

பார்த்த உடனே வழி 1 தான் பெஸ்ட்னு தோணும். ஆனா இங்க தான் ஓதானி கணக்கு உதவுது. வழி 1-ல அந்தப் பழைய 14 வருஷம் பத்து வருஷம் கழிச்சு 2,52,000 ஆகுது. இன்னைக்கு 1,47,000 இருந்தது 2,52,000 ஆகணும்னா வருஷத்துக்கு சுமார் 5.5 சதவீத வளர்ச்சி. சம்பளம் எவ்வளவு வேகமா ஏறுதோ, அவ்வளவு வேகமாத் தான் கிராஜுவிட்டியும் ஏறும். அதே 1,47,000-ஐ வாங்கி 7 சதவீதத்துல பத்து வருஷம் தொடாமப் போட்டு வச்சா 2,89,000 சொச்சம் ஆகும்.

அப்போ கையில வாங்குறது நஷ்டம்னு கண்ணை மூடிச் சொல்ல முடியாது. பணத்தைத் தொடாம வைக்க முடியும்னா லாபமாக் கூட இருக்கலாம். ஆனா மூணு எச்சரிக்கை. ஒண்ணு, அந்தப் பணம் காதுகுத்து, கல்யாணம், டூவீலர்னு கரையாம இருக்கணும். ரெண்டு, சர்வீஸ் புதுசா ஆரம்பிச்சா அஞ்சு வருஷக் கணக்கும் புதுசா ஆரம்பிக்கும். நாலாவது வருஷம் வேலை போச்சுன்னா, மரணம், உடல் ஊனம் மாதிரி சூழ்நிலை தவிர, அந்த நாலு வருஷத்துக்குக் கிராஜுவிட்டி கிடையாது. மூணு, அப்படி முறிக்கிறதா இருந்தா அந்த 210 நாள் இழப்பீடும் சேர்ந்து வரணும்.

வழி 1-ம் வழி 2-ம் பேசித் தீர்க்கலாம். உண்மையிலேயே பயப்பட வேண்டியது வழி 3. அந்த அண்ணன் கையில இருந்த ரெண்டு பேப்பரும் அவரைக் கொண்டு போய் நிறுத்தின இடம் அது தான்.

பணம் எங்க இருக்கு?

பேஸ்பால்ல இன்னொரு நல்ல விதி உண்டு. தள்ளிப் போட்ட சம்பளத்துக்கு டீம் வாயால வாக்குக் கொடுத்தாப் பத்தாது. ஒரு சீசன்ல சேர்ந்த கடனோட இன்றைய மதிப்பை, அந்த சீசனுக்கு அப்புறம் வர்ற ரெண்டாவது ஜூலை 1-க்குள்ள பணமா ஒதுக்கி வச்சாகணும்.

நம்ம ஊர்ல பிஎஃப் இந்த மாதிரி. மாசா மாசம் பணம் கம்பெனியை விட்டு வெளியே, உங்க யுஏஎன் கணக்குக்குப் போயிருது. முதலாளி மாறினாலும் பணம் உங்க கூடவே வரும். பிஎஃப் கட்டாம பாக்கி வச்சுட்டு மில்லை வித்தா, பழைய ஓனரும் புது ஓனரும் சேர்ந்து பொறுப்புன்னு சட்டத்துல இருக்கு. புது ஓனரோட பொறுப்பு, அவர் வாங்கின சொத்து மதிப்பு வரைக்கும்.

கிராஜுவிட்டி அப்படி இல்ல. சில கம்பெனிகள் எல்ஐசி மாதிரி இடத்துல குரூப் கிராஜுவிட்டி பாலிசி எடுத்து வருஷா வருஷம் பணம் கட்டுறாங்க. நிறைய இடத்துல பேலன்ஸ் ஷீட்ல ஒரு வரி மட்டும் இருக்கும்: கிராஜுவிட்டி புரொவிஷன், இத்தனை லட்சம். கணக்கு எழுதுறவனா சொல்றேன், புரொவிஷன்ங்கிறது ஒரு பதிவு. கொடுக்க வேண்டியது இவ்வளவுன்னு அது சொல்லும். அந்தப் பணம் எங்கேயாவது இருக்குன்னு அது சொல்லாது.

கம்பெனி மூழ்கினா இந்த வித்தியாசம் தெரியும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல பறக்குறதை நிறுத்துச்சு. திவால் நடைமுறையில வாங்க ஒரு கூட்டணி வந்துச்சு. ஊழியர்களோட பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கியை முழுசா கொடுக்கணும்னு 2022 அக்டோபர்ல தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லுச்சு. 2023 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதுல தலையிடல. ஆனா வாங்க வந்தவங்க திட்டம் நிறைவேறவே இல்ல. 2024 நவம்பர்ல கம்பெனியைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. தீர்ப்பு ஊழியர் பக்கம் தான். ஆனா அஞ்சரை வருஷம் ஓடிப்போச்சு.

நம்ம மாவட்டத்தோட பழைய காயம் ஒண்ணு

தள்ளிப் போட்ட சம்பளம்னு பேசும்போது சுமங்கலித் திட்டத்தைச் சொல்லாம விட முடியாது. திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நூல் மில்கள்ல, கல்யாணம் ஆகாத பொண்ணுங்களை மூணு வருஷத்துக்கு வேலைக்கு எடுத்தாங்க. ஹாஸ்டல்ல தங்கணும், மாசம் குறைஞ்ச சம்பளம். மூணு வருஷம் முடிஞ்சா 30,000, 50,000-னு மொத்தமா ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவுல உடம்பு சரியில்லாமப் போனவங்க, தாங்க முடியாம வெளியே வந்தவங்க பல பேருக்கு அந்தத் தொகை கிடைக்கலைன்னு 2011-ல இருந்து வெளிவந்த ஆய்வறிக்கைகள் பதிவு பண்ணியிருக்கு.

ஒரு அக்கவுன்டன்ட் கண்ணுல இது என்ன? ஓதானி ஒப்பந்தத்தோட அதே வடிவம் தான். சம்பளம் தள்ளிப் போகுது, வட்டி இல்ல. ஆனா ஓதானிக்குப் பின்னாடி ஏஜென்ட், யூனியன், ஒதுக்கி வச்ச பணம் எல்லாம் இருந்துச்சு. இந்தப் பொண்ணுங்களுக்கு எதுவும் இல்ல. சம்பளக் காலம் ஒரு மாசத்தைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் அப்பவே இருந்துச்சு. வேலை செஞ்ச மாசத்துச் சம்பளத்தை மூணு வருஷம் கழிச்சு 'பரிசு'ன்னு கொடுக்குறது பரிசு ஆகாது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ அப்படி மில்லுல வேலை பார்த்த அக்கா, தங்கச்சி இருந்தா ஒரு உதவி பண்ணுங்க. சம்பளச் சீட்டுல பிஎஃப் பிடிச்சிருந்தா அந்தக் கணக்கு இன்னும் இருக்கலாம். பழைய பிஎஃப் நம்பர், ஆதார், வேலை பார்த்த தேதியை வச்சுத் தேடிப் பாருங்க.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

1. விக்கிறது ஷேரா, மில்லா? அதாவது என்னோட முதலாளி கம்பெனியோட பேர் மாறுதா?

2. என் வேலையில சேர்ந்த தேதி என்னன்னு புது ஆர்டர்ல போட்டிருக்கா? "பணித் தொடர்ச்சியுடன்" அப்படிங்கிற ஒரு வரியும் பழைய சேர்ந்த தேதியும் இருந்தாப் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு.

3. ராஜினாமா கேட்டா, ஏன்? மாற்றத்துக்கு உங்க ராஜினாமா தேவையே இல்ல.

4. கிராஜுவிட்டிக்குப் பாலிசியோ டிரஸ்ட்டோ இருக்கா? இருந்தா அது புது கம்பெனி பேருக்கு மாறுதா?

5. பிஎஃப் பாஸ்புக்குல கடைசி மாசம் வரைக்கும் பணம் ஏறியிருக்கா? இதை யாரையும் கேட்க வேண்டாம், போன்லயே பார்க்கலாம்.

6. செட்டில்மென்ட் கொடுக்கறாங்கன்னா, "முழுவதும் பெற்றுக்கொண்டேன்"னு எழுதுறதுக்கு முன்னாடி பணம் பேங்க் கணக்குல ஏறிடுச்சா?

வேலையை விட்ட 30 நாளைக்குள்ள கிராஜுவிட்டி வரணும். தாமதம் ஆனா வட்டி உண்டு. வரலைன்னா தொழிலாளர் துறையில மனு போடலாம். தாமதிக்காமப் போடுங்க. புதுச் சட்டத் தொகுப்புல, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்துல எடுத்தவங்களுக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே விகிதப்படி கிராஜுவிட்டி உண்டுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

அந்த அண்ணன் என்ன பண்ணார்?

அன்னைக்கு ராஜினாமாக் கடிதத்தை என் டேபிள்லயே வச்சுட்டுப் போயிட்டார். அடுத்த வாரம் அவரும் அவரோட செட்டு ஆட்கள் ஒன்பது பேரும் சேர்ந்து புது ஆபீஸ்ல போய் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்காங்க: ஆர்டர்ல எங்க பழைய சேர்ந்த தேதியைப் போடுங்க. முதல்ல முடியாதுன்னாங்களாம். எழுத்துல கேட்டதும், ரெண்டு வாரத்துல புது ஆர்டர் வந்துச்சு. அதோட ஜெராக்ஸை எனக்குக் கொண்டு வந்து காட்டினார். தேதி 2011-ன்னு இருந்துச்சு.

ஆனா அவங்களுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டவங்க நிறையப் பேர். அவங்க ஆர்டர்ல புதுத் தேதி தான். ரெண்டு பேர் மட்டும் பழைய கம்பெனி மேல கிராஜுவிட்டிக்கு மனு போட்டிருக்காங்க, இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. மத்தவங்களுக்கு அப்படி ஒரு பணம் இருந்ததே தெரியாது.

அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, சேர்ந்த தேதியைப் பாருங்க. கடைசி சம்பளச் சீட்டுல இருக்குற பேசிக்கையும் டிஏவையும் கூட்டி, 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்குங்க. வர்ற தொகையை ஒரு டைரியில எழுதி வைங்க. உங்களுக்கு ஒருத்தர் தர வேண்டிய கடன் அது. எவ்வளவுன்னு தெரிஞ்சா தானே கேட்க முடியும்?

கணக்கு போடுறதுல சந்தேகம் இருந்தா, இதே தலைப்புல நம்ம சேனல்ல போட்டிருக்குற வீடியோவுல ஒவ்வொரு ஸ்டெப்பா காட்டியிருக்கேன். இது பொதுவான விளக்கம் தான், ஒவ்வொருத்தர் ஆர்டரும் வேற வேற மாதிரி இருக்கும். உங்க பேப்பரை உங்க ஆடிட்டர் கிட்டயோ தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச வக்கீல் கிட்டயோ ஒரு தடவை காட்டிட்டு முடிவு எடுங்க.